குண்டு முள்ளும் ஒல்லி முள்ளும்

சிட்டுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. நாற்பத்து மூன்று வயது, பள்ளியிறுதி வகுப்பில் படிக்கும் மகள், ஆஸ்பத்திரி வார்டில் ஆறு வருஷ வேலை, எல்லாம் இருந்தும் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பாள். கடைக்காரன் கூட்டலில் தப்பு விட்டால் மனக்கணக்கிலேயே பிடித்துவிடுவாள். எண் ஓடுகிற கடிகாரம் என்றால் ஒரு தொல்லையும் இல்லை. செல்போனில் 10:40 என்று இருந்தால் பத்து நாற்பது, அவ்வளவுதான். வட்டத்துக்குள் இரண்டு முள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றுகிற சமாசாரம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அதற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் கிடையாது. இரண்டாம் வகுப்பில் கடிகாரப் பாடம் நடந்த சமயத்தில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. மூன்று வாரம் கழித்துப் போனால் வகுப்பு மொத்தமும் மணி சொல்கிறது. இவள் மட்டும் முழிக்கிறாள். கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை. ஏழு வயதில் வராத தைரியம் பதினேழில் எப்படி வரும்? கல்யாணம் ஆன பிறகு கேட்பதா? புருஷன் வேன் ஓட்டுகிறவன், நிமிஷக் கணக்கில் பிழைப்பு நடத்துகிறவன். "மணி என்ன பாரு" என்று அவன் குளியலறையிலிருந்து கத்தினால் இவள் செல்போனைத் தேடி ஓடுவாள். சுவரில் கடிகாரம் தொங்கும்போது இவள் ஏன் போனைத் தேடுகிறாள் என்று அந்த மனிதன் இருபது வருஷமாக யோசிக்கவே இல்லை. ஆண்பிள்ளைகள் அப்படித்தான்.

முழு மணி அவளுக்குத் தெரியும். ஒரு முள் பன்னிரண்டில், இன்னொன்று ஒன்பதில் இருந்தால் ஒன்பது மணி. அதைத் தாண்டிவிட்டால் குழப்பம். முள் ஐந்தில் நிற்கிறது, அதைப் பார்த்து இருபத்தைந்து என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

இதெல்லாம் ஒருவர் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு புத்திசாலிப் பையன், மேல் மாடி வார்டு ஊழியன், நோயாளியின் கட்டிலில் சாய்ந்து தன்னைத் தானே படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. வேலைக்கு வருகிறவர்கள் செல்போனை வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும், போகும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். கைக்கடிகாரம் ஏற்கெனவே கூடாது, கிருமி ஒட்டுமாம். மிச்சம் இருந்தது வார்டுச் சுவர்க் கடிகாரம் ஒன்றுதான்.

அது ஏதோ ஒரு மருந்துக் கம்பெனி இனாமாகக் கொடுத்தது. முள் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி.

அதே வாரத்தில்தான் நாலாம் கட்டிலுக்குப் பெரியவர் வந்து சேர்ந்தார். பக்கவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் அசையும். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாம்தான் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுந்தி அங்கே தோல் செத்துப் புண் வந்துவிடும். படுக்கைப்புண் என்பது சின்ன விஷயம் இல்லை, எலும்பு வரை போகும்.

ஹெட் சிஸ்டர் சிட்டுவைக் கூப்பிட்டுக் கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டையை மாட்டினாள். அட்டையில் ஒரு தாள். நேரம், எந்தப் பக்கம், கையெழுத்து என்று மூன்று கட்டம்.

"காலை டூட்டி நீ. ஏழுக்கு வலது பக்கம், ஒன்பதுக்கு மல்லாக்க, பதினொண்ணுக்குத் திரும்ப வலது, ஒரு மணிக்கு இடது. மூணு மணிக்குச் சாயங்கால டூட்டி நெட்டை வந்து மல்லாக்கப் போட்டுக்குவான். இடது பக்கம் செத்த பக்கம், அந்தப் பக்கம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சிஸ்டர்."

"இன்னொண்ணு. எல்லாரும் மாதிரி ரவுண்டா ஒன்பது, பதினொண்ணுன்னு எழுதித் தள்ளாத. எத்தனை மணிக்குப் புரட்டினியோ அதை எழுது. அஞ்சு நிமிஷம் தள்ளிப் போனா தள்ளிப் போனதாவே எழுது."

சிட்டு சரி என்று தலையாட்டிவிட்டாள். முதல் நாள் பெரியவரை மல்லாக்கப் போட்டுவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு கடிகாரத்தின் கீழே நின்றாள். குண்டு முள் ஒன்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, ஒல்லி முள் இரண்டில் இருந்தது. இதற்கு என்ன எண் எழுதுவது? யாரையாவது கேட்கலாம் என்றால் கேட்கிற வயதா இது? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நேரக் கட்டத்துக்குள் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். உள்ளே பேனாவை அழுத்தி ஒரு கோடு, அழுத்தாமல் ஒரு கோடு. சுவரில் எப்படி இருக்கிறதோ அப்படியே. பொய் இல்லை, தப்பு இல்லை, ஆளை விட்டால் போதும்.

ஒரு நாளைக்கு நாலு வட்டம். மூன்று மணிக்கு மேல் நெட்டை வந்ததும், தாளை ஒப்படைக்கிற நேரத்துக்கு ஐந்தாவதாக ஒரு வட்டம். ஹெட் சிஸ்டர் வாரக் கடைசியில் கட்டாகத் தாள்களை வாங்கி, அடியில் தன் கையெழுத்தை மளமளவென்று போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க அந்த அம்மாளுக்கு எங்கே பொழுது? நாற்பது கட்டில், நாலு நர்ஸ்.

வேலையில் சிட்டு குறை வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை. பெரியவரின் முழங்கால்களுக்கு இடையே தலையணை, குதிகாலுக்குக் கீழே மடித்த துணி, சுருக்கம் இல்லாத விரிப்பு என்று ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். "ஐயா, இப்போ உங்களைப் புரட்டப் போறேன், திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பாள். சாப்பாட்டு வண்டி வந்து போனதும் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். ஒரு முள் பன்னிரண்டில், இன்னொன்று ஒன்றில். ஒரு மணி. உடனே இடது பக்கம் புரட்டுவாள். வட்டம் போடுவாள்.

அதற்கப்புறம் மத்தியானம் ரப்பராக இழுபடும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டுகள் கழுவப் போன பிறகு கொஞ்ச நேரத்தில் பெரியவர் முனக ஆரம்பிப்பார். வலது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். சிட்டு ஓடி வந்து தலையைத் தடவிக் கொடுப்பாள்.

"பொண்ணு ஞாபகம் வந்துடுச்சா? ஸ்கூல் விட்டு வர வேணாமா அவங்க? கொஞ்சம் பொறுங்க ஐயா, இன்னும் கொஞ்ச நேரம்தான்."

பெரியவரின் மகள் ஒரு டீச்சர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். தினமும் நாலு மணிக்கு மேல் கையில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேறு ஆள் துணையும் இல்லை. அவளுக்கு அவர், அவருக்கு அவள்.

வார லீவு போக, சிட்டுவின் முப்பத்தெட்டாவது டூட்டி நாளில் அவள்தான் பார்த்தாள். அப்பாவின் இடது இடுப்பில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் கறுத்து, நடுவில் உரிந்திருந்தது. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். மறுநாள் எழுத்து மூலம் புகார் கொடுத்தாள். என் அப்பாவை நேரத்துக்குப் புரட்டவில்லை, யார் புரட்டவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும், அந்த ஆள் இன்னொரு நோயாளியைத் தொடக் கூடாது.

சரியாக இந்த நேரத்தில்தானா வர வேண்டும் இது! சிட்டு ஆறு வருஷமாகத் தற்காலிகம். பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை காகிதத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு நாள் வீட்டில் உட்கார வைத்து, மறுபடி எடுத்துக்கொள்வார்கள். இந்தத் தடவை நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. வருகிற திங்கட்கிழமை ஒட்டப் போகிறார்கள். புகாரில் பெயர் வந்தால் பட்டியலில் பெயர் வராது, அது ஊழியர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

"அக்கா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றான் நெட்டை. அவன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவனுடைய தாள்களில் 3:00, 5:00, 7:00, 9:00 என்று எண்கள் அணிவகுத்து நிற்கும். டூட்டிக்கு வந்ததும் நாலையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவான். அந்தத் தைரியம் எல்லோருக்கும் வராது.

சிட்டு நிஜமாகவே கவலைப்படவில்லை. தினம் சொன்ன நேரத்துக்குச் செய்தவள், அவளுக்கு என்ன பயம்?

சனிக்கிழமை டூட்டி முடிந்ததும் ஹெட் சிஸ்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மேஜை மேல் முப்பத்தெட்டுத் தாள்களும் பரப்பிக் கிடந்தன.

"என்னடி இது பொம்மை?"

சிட்டு சிரித்து மழுப்பப் பார்த்தாள். "சுவத்துல இருந்தது அப்படியே போட்டா தப்பு வராதில்ல சிஸ்டர்…"

"விளையாடாத. ஏன் எண் எழுதல?"

சிஸ்டரின் முகத்தைப் பார்த்தால் மழுப்புகிற வேளையாகத் தெரியவில்லை. சிட்டு புடவைத் தலைப்பைத் திருகினாள். முப்பத்தைந்து வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்ததைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது சிஸ்டர். முழு மணி மட்டும் தெரியும்."

சிஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு தாளை இழுத்து, வட்டத்தின் மேல் பேனாவை வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். குண்டு முள் மணி. ஒல்லி முள் நிமிஷம். ஒல்லி முள் நிற்கிற எண்ணை ஐந்தால் பெருக்கு, அவ்வளவுதான். இரண்டில் இருந்தால் பத்து, ஏழில் இருந்தால் முப்பத்தைந்து.

"இவ்வளவுதானா?" என்றாள் சிட்டு. அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஐந்தாம் வாய்ப்பாடு. இதற்காகவா கல்யாண வீட்டில், பஸ் நிறுத்தத்தில், பெற்ற மகள் முன்னால் எல்லாம் நாடகம் போட்டாள்?

"இப்போ நீயே சொல்லு. இது என்ன?"

"குண்டு முள் ஏழு. ஒல்லி முள் ஒண்ணு. ஏழு அஞ்சு."

"இது?"

"ஒன்பது பத்து."

"இது?"

"பதினொண்ணு… பதினொண்ணு அஞ்சு."

"சரி. இது?"

நாலாவது வட்டம். சிட்டு குனிந்து பார்த்தாள். ஒன்று பன்னிரண்டில், ஒன்று ஒன்றில். "ஒரு மணி" என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். ஒன்றில் நிற்பது அழுத்தாத கோடு. அழுத்திய கோடு பன்னிரண்டைத் துளி தாண்டி நின்றது.

"பன்னிரண்டு அஞ்சு" என்றாள் மெதுவாக.

அடுத்த தாளைத் தானே எடுத்தாள். பன்னிரண்டு ஐந்து. அதற்கு அடுத்தது, பன்னிரண்டு ஐந்து. அடுத்தது பன்னிரண்டு ஆறோ ஏழோ. முப்பத்தெட்டுத் தாளில் இரண்டே இரண்டில்தான் குண்டு முள் ஒன்றில் இருந்தது, சாப்பாட்டு வண்டி ரொம்பத் தாமதமாக வந்த நாட்கள். மற்ற முப்பத்தாறு நாளும் அவள் ஒரு மணி என்று நினைத்து, ஒரு மணிக்கு ஐம்பத்தைந்து நிமிஷம் முன்னாலேயே பெரியவரைச் செத்த பக்கம் புரட்டிப் போட்டிருந்தாள்.

ஐந்தாவது வட்டம், தாளை ஒப்படைத்தது, மூன்று இருபத்தைந்து. நெட்டை அப்போதுதான் வந்து சேருவான்.

கணக்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "மூணு மணி நேரம் இருபது நிமிஷம்" என்றாள். "தினமும்." பிறகு, "அப்போ நான்தான் சிஸ்டர். நான்தான் பண்ணியிருக்கேன்."

கம்பியைத் தட்டிய சத்தம் காதில் கேட்டது. பொண்ணு ஞாபகமாம்! அந்த மனுஷன் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இவள் தலையைத் தடவிப் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.

"சத்தம் போட்டு அழாத, வெளியில கேட்கும்." சிஸ்டர் எழுந்து பீரோவிலிருந்து ஒரு கட்டு வெள்ளைத் தாளை எடுத்தாள். "மேனேஜர் திங்கக்கிழமை பதினோரு மணிக்கு விசாரிக்கிறாரு. இந்தப் பொம்மையைப் பார்த்தா உன்னை மட்டும் இல்ல, இதுல கையெழுத்துப் போட்ட என்னையும் தொங்க விட்டுடுவாரு. வீட்டுல உட்கார்ந்து முப்பத்தெட்டையும் எண்ணுல எழுதிக் கொண்டு வா. ஏழு, ஒன்பது, பதினொண்ணு, ஒண்ணு. பழசைக் கிழிச்சுப் போட்டுடு."

"சிஸ்டர்…"

"நீ வேணும்னு செஞ்சியா? இல்லல்ல? அந்தப் புண்ணு மருந்துல ஆறிடும், இப்பவே ஆறிட்டு வருது. உன் வேலை போனா அது ஆறாது. போ."

சிட்டு எழுதினாள். அவள் ஒன்றும் மகான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை புருஷன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான், மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து முப்பத்தெட்டுத் தாளையும் எழுதினாள். முதல் சில தாள்கள் மெதுவாக நகர்ந்தன, பத்துத் தாளுக்கு மேல் பழகிவிட்டது. 7:05, 9:10, 11:05 என்று உண்மையான நேரத்தை ஒரு வீம்போடு சரியாகவே எழுதினாள். நாலாவது வரிசையில் மட்டும் 1:00. முப்பத்தெட்டு ஒன்று.

பழைய தாள்களைக் கிழிக்கத்தான் எடுத்தாள். கிழிக்க வரவில்லை. பைக்குள் கடைசியில் செருகி வைத்தாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜர் அறையில் ஐந்து பேர். மேஜைக்குப் பின்னால் மேனேஜர், அவருக்குப் பக்கத்தில் ஹெட் சிஸ்டர். எதிரே டீச்சர், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சுவரோரமாக நெட்டையும் சிட்டுவும்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அம்மா, எங்க பக்கம் ஒளிவு மறைவே கிடையாது. எல்லா டூட்டித் தாளும் இருக்கு, நீங்களே பாருங்க. ராத்திரி டூட்டி சரி, சாயங்காலம் சரி, காலை சரி. இந்த வியாதில தோல் ரொம்ப மெலிஞ்சு போயிடும். நாம என்ன பண்ணினாலும் சில பேருக்குப் புண் வரத்தான் செய்யும்."

டீச்சர் தாள்களை வாங்கிப் படித்தாள். அவசரப்படவில்லை. நோட்டுத் திருத்துகிற பெண் அல்லவா, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனாள். நெட்டை தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு எழுந்து சிட்டுவின் முன்னால் வந்து நின்றாள்.

"உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். அப்பா பகல் முழுக்க உங்க கையிலதானே இருக்காரு. மனசுக்குள்ள உங்களை என்னென்னவோ திட்டிட்டேன். தினமும் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் தள்ளிப் போனதைக்கூட ஒளிக்காம எழுதியிருக்கீங்க. இடது பக்கம் மட்டும் ஒரு நாள் தவறாம ஒரு மணிக்கு. என்னை மன்னிச்சுக்கோங்க. அவர் உடம்புதான் அப்படி."

ஐயோ, இதை எதிர்பார்க்கவில்லை அவள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஹெட் சிஸ்டர் மேஜைக்குப் பின்னாலிருந்து கண்ணாலேயே எச்சரித்தாள், பேசாதே என்று. மேனேஜர் புகாரை வாபஸ் வாங்கும் கடிதத்துக்குத் தாளை எடுத்து முன்னால் வைத்து, பேனா மூடியையும் கழற்றிவிட்டார்.

"அது ஒரு மணி இல்ல டீச்சர்" என்றாள் சிட்டு.

பையைத் திறந்து பழைய தாள்களை எடுத்து நீட்டினாள். ஹெட் சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.

டீச்சர் முதல் தாளைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. வட்டங்களின் மேல் விரல் ஓடி, நாலாவதில் நின்றது. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக ஏழு வயதுப் பிள்ளைகளின் கடிகாரப் படங்களைத் திருத்துகிறவள்.

"பன்னிரண்டு அஞ்சு" என்றாள். "என் வகுப்புல பாதிப் பேர் இதை ஒரு மணின்னுதான் சொல்லும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். எனக்கு முள்ளு பார்க்கத் தெரியாது. சனிக்கிழமைதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

மேனேஜர் எழுந்தே விட்டார். "அம்மா, இதையெல்லாம் நம்பாதீங்க. இது எங்க ரெக்கார்டே இல்ல. இந்தப் பொண்ணு யார் மேலயோ கோபத்துல நேத்து உட்கார்ந்து கிறுக்கிக் கொண்டு வந்திருக்கு."

"இல்ல சார்" என்றாள் டீச்சர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "மனசிலிருந்து வரைஞ்சா மணி முள்ளை அந்தந்த எண் மேலயே நிறுத்திடுவாங்க. பிள்ளைங்க அப்படித்தான் வரையும், பெரியவங்களும் அப்படித்தான். இதுல பாருங்க, ஒன்பது பத்துக்கு மணி முள் ஒன்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கு. மூணு இருபத்தஞ்சுக்கு மூணுக்கும் நாலுக்கும் கிட்டத்தட்ட நடுவுல. எதிர்ல கடிகாரம் இருந்து, பார்த்துப் பார்த்து வரைஞ்சாத்தான் இப்படி வரும்." சட்டென்று நிமிர்ந்தாள். "இந்த மூணு இருபத்தஞ்சு என்ன?"

"நான் தாளை ஒப்படைச்ச நேரம் டீச்சர்."

"யார் கிட்ட?"

சிட்டு சொல்ல அவசியமே இல்லாமல் போயிற்று. நெட்டையின் அச்சுக் கையெழுத்து 3:00 மேஜை மேலேயே கிடந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

டீச்சர் மறுபடி உட்கார்ந்தாள். மிச்சத் தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கவனமாகத் தட்டி அடுக்கினாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவளைப் போலத் திரும்பவும் அடுக்கினாள்.

"மூணு மணி நேரத்துக்கும் மேல. முப்பத்தாறு நாள்" என்றாள். "நீங்க இதைச் சொல்லாம இருந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன். ஏன் சொன்னீங்க?"

"ஐயாவுக்குத் தெரியும் டீச்சர். தினமும் கம்பியைத் தட்டிச் சொன்னாரு. அவருக்கு நேரம் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்தாள். "நீங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போனா, அப்புறம் நான் அவர் முகத்தை எப்படிப் பார்க்கிறது?"

டீச்சர் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்ற தவிப்பும் இருந்தது.

"இத்தனை பேர்ல உண்மையைச் சொன்னவங்க நீங்க ஒருத்தர்தான்" என்றாள். "எங்க அப்பா இடுப்புல புண்ணை வரவழைச்சதும் நீங்கதான். உங்களை நான் என்ன பண்றது?"

"எழுதுங்க டீச்சர். புகார்ல என் பேரை எழுதுங்க."

"எழுதத்தான் போறேன்."

மேனேஜர் வாபஸ் கடிதத்துக்கு வைத்த அதே தாளில் அவள் புகாரைப் புதிதாக எழுதினாள். மேனேஜர் இரண்டு தடவை குறுக்கிட்டார். வகுப்பில் பேசுகிற பையனைப் பார்க்கிற மாதிரி அவள் ஒரு தடவை பார்த்தாள், அதோடு அடங்கிவிட்டார். காலை ஊழியருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாமல் நடந்தது, மாலை ஊழியர் தாமதமாக வந்து மூன்று மணி என்று எழுதியது, ஒருவரும் தாள்களைப் படிக்காமல் கையெழுத்திட்டது, இப்போது மாற்றி எழுதிய தாள்களைத் தன்னிடம் காட்டியது, ஒன்றையும் விடவில்லை. மிகைப்படுத்தவும் இல்லை. காலை ஊழியர் தானாக முன்வந்து உண்மையைச் சொன்னார் என்று ஒரு வரி. அதற்காக அவர் செய்தது இல்லை என்று ஆகாது என்று இன்னொரு வரி.

எழுதி முடித்ததும் தாளைத் திருப்பிச் சிட்டுவின் பக்கம் தள்ளினாள். "படிச்சுப் பாருங்க. தப்பு இருந்தா சொல்லுங்க."

சிட்டு நின்றபடியே படித்தாள். நிரந்தரப் பட்டியல் கீழே அறிவிப்புப் பலகையில் மத்தியானம் ஒட்டுவார்கள். அதில் தன் பெயர் இருக்காது என்பது அவளுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. அப்படியும் கடைசி வரை படித்தாள்.

"சரியாத்தான் இருக்கு டீச்சர்."

"கீழே தேதி போட்டுட்டேன். நேரம் போடல." டீச்சர் பேனாவை நீட்டினாள். "அதை நீங்க போடுங்க."

மேனேஜரின் தலைக்கு மேல் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. இதில் குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, அவ்வளவுதான். சிட்டு அண்ணாந்து பார்த்தாள். குட்டை முள் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே. நீள முள் ஏழில். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெட்கப்படவில்லை. உதட்டை அசைத்து, விரல் மடக்கி, ஐந்து பத்து பதினைந்து என்று ஏழு வரைக்கும் எண்ணினாள். பிறகு குனிந்து தனக்கு எதிரான புகாரில் 11:35 என்று எழுதினாள்.

டீச்சர் தாளை வாங்கிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள்.